முட்டை என்றே சொல்லவும்

வானத்தில் பறப்பது நண்பனா பகைவனா என்பதை நூறு மைலுக்கு அப்பாலிருந்தே கண்டுபிடித்துவிடும் உன்னத நிலையை நம் தேசம் எட்டிவிட்டது. யாருக்காவது சந்தேகம் இருந்தால் ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் நெல் பயிரிடும் ஈஸ்வரியைக் கேட்கலாம். அந்தப் பெருமையின் ஒரு துண்டு அவள் வயலில்தான் வந்து விழுந்தது.

காலை நாஷ்டாவை முடித்துவிட்டு, மறுநாள் வரப்போகும் அறுவடை மெஷினுக்கு வழி பார்த்தபடி வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். போர் விமானம் ஒன்று தலைக்கு மேல் காதைக் கிழித்துக்கொண்டு போனது. அடுத்த கணம் விளைந்த நெல்லுக்கு நடுவே தொப்பென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், ஆள் உயர இரும்புக் குண்டு ஒன்று மூக்கை மண்ணில் புதைத்து, வாலைத் தூக்கி, வெடிக்காமல் நின்றது.

மத்தியானத்துக்குள் அதிகாரி ராபின் ஜீப்பில் வந்து இறங்கினார். அவர் எந்த அலுவலகம் என்பது ரகசியம். சட்டையின் இஸ்திரி மட்டும் பகிரங்கம். வயலைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார். "ஆல்ஃபா, சார்லி, டெல்டா" என்று வாக்கி டாக்கியில் மந்திரம் ஓதினார். அதுவும் பதிலுக்கு ஓதியது.

"வெடிக்குமா சார்?" என்றாள் ஈஸ்வரி.

"வெடிக்காதும்மா. உள்ள வெறும் சிமெண்ட். பயிற்சிக்குப் போடுறது."

"அப்போ உங்களுதா?"

"அப்படின்னு யார் சொன்னா? குறியீட்டைச் சரிபார்க்கிற வரைக்கும் இது அடையாளம் தெரியாத பொருள்."

"உங்களுது இல்லன்னா உள்ள சிமெண்ட் கீதுன்னு எப்பிடித் தெரியும்?"

"பொதுவா சொன்னேன்" என்றார் ராபின்.

பிறகு, தேசப் பாதுகாப்பை முன்னிட்டு அவளுக்கு ஒரு 'சங்கேத மொழி' உபதேசித்தார். இனிமேல் விமானம் என்று சொல்லக் கூடாது, பறவை. குண்டு என்று சொல்லவே கூடாது, முட்டை.

"நாளைக்கு மெஷின் வருது சார். இத்த எப்போ எடுப்பீங்க?"

"மேல ஒரு மனு போடுங்க. வார்த்தை மட்டும் ஜாக்கிரதை."

ஈஸ்வரி தேசபக்தி உள்ளவள். 'பெரிய பறவை ஒன்று என் வயலில் முட்டை போட்டுவிட்டது. அறுவடைக்கு இடைஞ்சலாக உள்ளது. எடுத்து உதவவும்' என்று அன்றைக்கே மனு கொடுத்தாள். அரசு இயந்திரம் மின்னல் வேகத்தில் இயங்கியது. பறவைக் காய்ச்சல் ஊசியுடன் மாட்டு டாக்டர் வந்தார். நாடாவைத் தாண்ட அவருக்கும் அனுமதி இல்லாததால் தூரத்திலிருந்தே பார்த்து, 'முட்டை பொரியும் வரை தொந்தரவு செய்யலாகாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மெஷின் வேறு ஊருக்குப் போனது. மழை வந்தது. நெல் சாய்ந்தது. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளை விட்டது. நாடாவுக்கு வெளியே நின்று ஈஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை ராபின் வந்தபோது வழிமறித்தாள்.

"பயிரு மொத்தமும் பூட்ச்சி. இன்னா சார் பதில் சொல்றீங்க?"

"யாருதுன்னே தெரியாத பொருளுக்கு நான் எப்படிம்மா பதில் சொல்றது?"

"யாருதும் இல்லன்னா, என் வயல்ல வெளஞ்சதா இது?"

ராபின் யோசித்தார். "மறுக்கிறதுக்கு என்கிட்ட ஆதாரம் இல்லை."

ஈஸ்வரி இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொண்டாள். அந்தப் போகத்தில் தேறிய விளைச்சல் அது ஒன்றுதான். கணவன் அரசப்பனும் அவளுமாகக் கயிறு கட்டி இழுத்து, குட்டி யானை வண்டியில் ஏற்றி, கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் சடையப்பனிடம் இறக்கிவிட்டு வந்தார்கள்.

அத்தனை நாள் அகப்படாத அடையாளம் அன்று சாயங்காலமே அகப்பட்டுவிட்டது. அரசாங்கக் குண்டு திருட்டுப் போனதாக ராபின் போலீஸில் புகார் கொடுத்தார். அதன் வாலில் இருந்த எண்ணைப் பார்க்காமலே ஒப்பித்தார்.

ஸ்டேஷன் பெஞ்சில் அரசப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். "பேஜாராப் பூட்ச்சே ஈஸ்வரி!"

அவளுக்கோ உள்ளூர சந்தோஷம். ஒருவழியாகச் சொந்தக்காரர் கிடைத்துவிட்டாரே!

"குண்டு உங்களுதுதான சார்? எஸ்.ஐ. ஐயா முன்னாடி சொல்லுங்க."

"எங்களுதுதான்" என்றார் ராபின் கம்பீரமாக.

"அப்போ அத்தப் போட்டுட்டுப் போச்சே பிளேனு, அதுவும் உங்களுதுதான?"

"எந்தப் பிளேன்? அன்னிக்கு இந்தப் பக்கம் எந்தப் பிளேனும் பறக்கவே இல்லையே."

எஸ்.ஐ. நியாயமான மனிதர். இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டார். குண்டு அரசாங்கத்துடையது. விமானம் பறக்கவில்லை. ஆகவே மேலேயிருந்து விழுந்திருக்க வழியில்லை. பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு ஈஸ்வரியிடம் அன்பாகக் கேட்டார்:

"ஏம்மா, மிலிட்டரி கேம்புக்குள்ள பூந்து இம்மாம் பெரிய குண்டைத் தூக்கினு வந்து வயல்ல நட்டு வச்சிருக்கியே, உங்கூட வந்தவங்க யாரு யாரு?"