சாலை நான்கு விரல் தாழ்ந்த கதை

“என் சைக்கிள் சீட்டை ஒரு நூல் உயரம்கூட ஏற்ற விடமாட்டேன்!”

இந்தத் தீர்மானத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு என் வீட்டு முன்னறையில் நிறைவேற்றினேன். ஒருமனதாக. கூட்டத்துக்கு வந்திருந்தது நான் ஒருவன்தான். எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் என் மனைவி. அவள் தையல் மெஷினில் யாருடைய சட்டைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

நூல் என்றால் ஊசியில் கோக்கும் நூல் அல்ல. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தையல்காரியைக் கட்டிக்கொண்டவன் வீட்டில் எல்லாச் சண்டையும் அந்த அளவில்தான் நடக்கும்.

என் சீட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. முப்பத்தொரு வருடம் ஆலைத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவன் நான். பள்ளிக்கூடம் எட்டாவதோடு என்னைக் கைவிட்டது; மீதியைத் துண்டறிக்கைகளில் படித்தேன். பிறகு துண்டறிக்கைகளை நானே எழுதினேன். எங்கள் சங்கக் கட்டடத்துக் கல்வெட்டில் என் பெயர் இல்லை. ‘சமரசம்’ என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்த ஆளின் பெயர் இருக்கிறது. அதுவும் இரண்டு இடத்தில். போகட்டும்.

அந்த நாளிலிருந்தே என் சீட்டு அடிமட்டத்துக்கு இறக்கித்தான் இருக்கும். காரணம் அரசியல். தடியடி ஆரம்பித்தால் அந்த நொடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். சீட்டை உயர்த்தி வைத்திருந்த தோழர்கள் சைக்கிளிலிருந்து குதிப்பதற்குள் அடி வாங்கினார்கள். நான் தரையில் ஊன்றி நின்று அடி வாங்கினேன். வித்தியாசம் இருக்கிறது.

கடைசித் தடியடி நடந்து பத்தொன்பது வருடமாகிறது. ஆலையையே மூடிவிட்டார்கள். அதற்காகத் தயார்நிலையை விட்டுவிட முடியுமா?

நான் விடவில்லை. என் வலது முழங்கால்தான் விட்டுவிட்டது.

டாக்டரம்மா முழங்காலை அமுக்கிப் பார்த்தார். நான் கத்தினேன். பிறகு வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தார். அவர் கத்தினார்.

“இவ்வளவு கீழ உட்கார்ந்து மிதிச்சா முட்டி மார்ல வந்து இடிக்குமே! சீட்டை ஏத்துங்க. இல்லைன்னா சைக்கிளையே விட்டுடுங்க.”

விட முடியாது. அடுத்த மாதம் எங்கள் பெரிய வேலைநிறுத்தத்தின் ஆண்டு நிறைவுச் சைக்கிள் பேரணி. பழைய ஆலை வாசலிலிருந்து நகராட்சி அலுவலகம்வரை எட்டு கிலோமீட்டர். எல்லாருக்கும் முன்னால் கொடி கட்டிய சைக்கிளில் போவது நான். எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பதவி அது. முழங்கால் மடங்கிவிட்டால் கொடி சமரசத்தின் சைக்கிளுக்குப் போய்விடும். அவன் ஏற்கெனவே என் உடல்நலத்தை மிகுந்த அன்போடு விசாரிக்க ஆரம்பித்திருந்தான்.

“ஏங்க, நாலு விரல் ஏத்தினாப் போதும்னுதானே டாக்டரம்மா சொல்றாங்க?” என்றாள் மனைவி.

“இன்னிக்கு நாலு விரல்னு கேப்பாங்க. நாளைக்கு ஒரு முழம் கேப்பாங்க. முதலாளி இப்படித்தான் ஆரம்பிப்பான்.”

“சைக்கிள் சீட்டுக்கும் முதலாளிக்கும் என்ன சம்பந்தம்?”

“மேல உட்காரணும்னு நினைக்கிறவன் எல்லாம் முதலாளிதான்.”

“நான் பொழுதன்னிக்கும் ஸ்டூல்ல உட்கார்ந்து மெஷின் மிதிக்கிறவ. ஸ்டூல் ஒரு நூல் தப்பினா சாயங்காலம் இடுப்பு கழண்டு கையில வந்துடும். எனக்குத் தெரியாதா?”

“பேச்சுவார்த்தைக்கே இடமில்லை.”

“சரிங்க.”

சரி என்றாள்! நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். நிர்வாகம் வாதாடாமல் ஒப்புக்கொண்டால் மேசைக்கு அடியில் குனிந்து பார் என்று எத்தனை இளைஞர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்!

மறுநாள் டேப்பும் துணியில் கோடு போடும் நீலச் சாக்குக்கட்டியும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“பேரணிக்குப் புது பேண்ட் தைக்கறேன். சைக்கிள்ல ஏறி, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க. பெடலைக் கீழே விட்டு, குதிகாலை அது மேல வைங்க.”

“பேண்ட்டுக்கு எதுக்கு பெடல்?”

“சைக்கிள்ல போற பேண்ட்டுக்கு நாற்காலியில உட்கார வெச்சா அளவெடுப்பாங்க?”

கேள்வி நியாயமாக இருந்தது. உட்கார்ந்தேன். என் கால் வெட்டுக்கிளியின் கால்போல மடங்கியிருந்ததைப் பார்த்து “ம்” என்றாள். நோட்டில் எதையோ எழுதிக்கொண்டாள்.

பத்து நாள் போனது. முழங்கால் வலி குறைந்தது. எனக்கு ஆச்சரியமில்லை. உறுதியாக நின்றால் எதிரி பின்வாங்குவான் என்பது எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். பஞ்சர் கடையில் காற்று அடிக்க நின்றபோது கடைக்காரர் விசாரித்தார்.

“முட்டி எப்படிண்ணே இருக்கு?”

“பணிஞ்சிடுச்சு தம்பி. நான் பணியலை. அதுதான் பணிஞ்சது.”

கடைக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி வெகுநேரம் இருமினார்.

பதினாறாம் நாள் நாற்சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. வழக்கம்போல் காலை ஊன்றினேன். சாலை அங்கே இல்லை. அதாவது இருந்தது, ஆனால் வழக்கமான இடத்தில் இல்லை. கால் கட்டைவிரல்தான் அதை எட்டியது. அடுத்த விளக்கிலும் அப்படியே. கடைத்தெருவிலும், தபால் நிலைய வாசலிலும் அப்படியே.

சாதாரண மனிதன் என்ன செய்வான்? தன் காலைச் சந்தேகப்படுவான். மிஞ்சினால் சைக்கிளைச் சந்தேகப்படுவான். நான் அரசியல் படித்தவன். சாலையைச் சந்தேகப்பட்டேன்.

“ரோடு தாழ்ந்துபோச்சு!” என்று கூவிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன்.

மனைவியின் மெஷின் நின்றது. “எந்த ரோடுங்க?”

“எல்லா ரோடும்! மூணு விரல் இறங்கியிருக்கு. கான்ட்ராக்டர் அடியில ஜல்லியே போடலை. இப்ப அமுங்குது.”

“ஊர்ல இருக்கிற எல்லா ரோடுமா? ஒரே மாதிரியா? மூணு விரலா?”

“அதுதான் ஊழலோட ஆழம்.”

“நம்ம வாசல்ல கால் எட்டுதா?”

போய் ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். “வாசலும் இறங்கிடுச்சு. அவ்வளவு தூரம் வந்துட்டானுங்க!”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிர்ச்சி என்று நினைத்தேன்.

அன்றே மனு எழுதினேன். நான்கு பக்கம். ‘காலடி நிலம் நழுவுகிறது’ என்று தலைப்பு. பேரணி முடிவில் நகராட்சி வாசலில் இதைப் பற்றியே முழங்குவது என்றும் முடிவு செய்தேன். தைத்த துணிகளைக் கொடுக்கப் போகும் வழியில் மனைவியே அதைத் தட்டச்சுக் கடையில் கொடுத்து வாங்கி வந்தாள். ஒரு பக்கத்துக்குச் சுருங்கியிருந்தது.

“படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

“நான் எழுதினதை நானே படிக்கணுமா?”

முதல் கையெழுத்து போட்டேன். ‘படிக்காமல் கையெழுத்திடாதே தோழா’ என்று ஒரு காலத்தில் எட்டாயிரம் துண்டறிக்கை அச்சடித்தவன் நான்தான்.

தெருவில் கையெழுத்து வாங்க அவளே போனாள். என் மனுக்களுக்கு வழக்கமாகப் பதினொரு கையெழுத்து விழும். அதில் மூன்று பேர் வீடு மாறிப் போனவர்கள். இந்தத் தடவை ஒரே மாலையில் அறுபத்திரண்டு! மக்கள் விழித்துவிட்டார்கள் என்று டைரியில் குறித்துக்கொண்டேன்.

பேரணிக்கு முந்தின நாள் நகராட்சிப் பொறியாளர் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். முக்காலியில் அளவுக் கருவியை நிறுத்திக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். தெருவே கூடியது. நான் சைக்கிளோடு முன்வரிசையில் நின்றேன். கருவியிலிருந்து நிமிர்ந்த பொறியாளர் மனுவைப் பிரித்தார்.

“இதுல முதல் கையெழுத்து யாருது?”

“என்னுடையது!” என்றேன், கூட்டத்துக்குக் கேட்கும்படி.

“நீங்க எழுதினது நூத்துக்கு நூறு சரிங்க. ஒவ்வொரு தடவையும் பழைய தார் மேலயே புதுத் தார் போட்டதுல ரோடு ஒரு அடி உயர்ந்திருக்கு.”

“உயர்ந்…?”

“மழைத் தண்ணி வீட்டுக்குள்ள வராம என்ன செய்யும்? பழசைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு அழகா எழுதியிருக்கீங்க. அடுத்த மாசமே வேலை ஆரம்பிச்சுடும்.”

தெரு கைதட்டியது. எதிர்வீட்டு ஆசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வாயைத் திறந்தேன். திறந்தபடியே வைத்திருந்தேன். சட்டைப்பையில், மறுநாள் பேச வைத்திருந்த தாள் கனத்தது. சாலை தாழ்ந்துவிட்டது என்று ஊரறிய, சமரசத்தின் காது குளிர, நான் முழங்கியிருப்பேன். தப்பித்தேன்.

கூட்டம் கலைந்தது. இப்போது ஒரு கேள்வி பாக்கியிருந்தது. சாலை உயர்ந்திருக்கிறது என்றால் என் கால் ஏன் எட்டவில்லை? வாழ்க்கையில் முதல் முறையாக என் சைக்கிள் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சீட்டுக் குழாயில் ஏணிப்படிபோல் நீலச் சாக்குக் கோடுகள். எண்ணினேன். இருபத்துநான்கு.

நீலச் சாக்குக்கட்டி வைத்திருப்பவர் எங்கள் தெருவில் ஒருவர்தான்.

“எப்ப ஏத்தினே?”

“நீங்க குளிக்கிறப்ப. தினம் ஒரு நூல்.”

“யார் கத்துக்குடுத்தது?”

“பஞ்சர் கடைத் தம்பி. நட்டைத் தளர்த்தி, கோடு போட்டு, ஏத்தி, இறுக்கி, சீட்டைக் கையால முறுக்கிப் பாத்துட்டுத்தான் விடுவேன். அசையாது. குதிகால் பெடல்ல இருக்கிறப்ப கால் நேரா நீண்டதும் நிறுத்திட்டேன்.”

“ஒரேயடியா ஏத்தியிருக்கலாமே? ஏன் இப்படித் திருட்டுத்தனமா?”

“ஒரேயடியா ஏத்தியிருந்தா போராட்டம் நடத்தியிருப்பீங்க. அமாவாசையா, நோன்பா, எதுவுமில்லாம பத்து நாள் வீட்ல உண்ணாவிரதம் நடந்திருக்கும். சட்டை பிடிப்பா இருந்தாக்கூட நான் ஒரேயடியாப் பிரிக்க மாட்டேன். ஒவ்வொரு தையலாத்தான் பிரிப்பேன்.”

‘படிப்படியான மாற்றம் என்பது முதலாளிகளின் தாலாட்டு’ என்று நான் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறேன். அதன் கையெழுத்துப் பிரதியை அவள்தான் துணி தைத்துக் கட்டிவைத்தாள்.

“மனுவையும் மாத்திட்டியே!”

“படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கன்னு சொன்னேனே.”

சொல்லியிருந்தாள். அதுதான் வயிற்றெரிச்சல்.

மறுநாள் எட்டு கிலோமீட்டர் மிதித்தேன். முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை. புது பேண்ட் கச்சிதமாக இருந்தது. நகராட்சி வாசலில் சீட்டிலிருந்து முன்னால் வழுக்கி இறங்கிக் காலூன்றினேன்; அதை என் உடம்பு எனக்குத் தெரியாமல் என்றோ கற்றுக்கொண்டிருந்தது. பின்னால் மூச்சு வாங்கியபடி சமரசம் வந்து சேர்ந்தான்.

“இந்த வயசுல எப்படிண்ணே?”

“கொள்கை,” என்றேன்.

முப்பத்தொரு வருடத்தில் என் மனு ஒன்று வென்றது அதுவே முதல் தடவை. அதில் என்னுடையது என் கையெழுத்து மட்டும்தான். இருந்தாலும் அன்று நன்றாகத் தூங்கினேன்.

உயரத்துக்கு ஒரு ருசி உண்டு. மறுவாரம் அவளிடம் போய் நின்றேன்.

“இன்னும் ரெண்டு விரல் ஏத்தினா என்ன? சமரசம் தலைக்கு மேல தெரிவேன்.”

“கூடாதுங்க. இதுக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு கம்பெனிக்காரங்க குழாய்லயே ஒரு கோடு வெட்டி அனுப்பியிருக்காங்க. அது வெளிய தெரிஞ்சா நடுரோட்டுல சீட்டோட நீங்களும் தனியா வந்துடுவீங்க.”

“ஒரு நூலாவது?”

மெஷினிலிருந்து தலை நிமிராமலே சொன்னாள்: “மனு எழுதிக் குடுங்க. பாக்கறேன்.”

எழுதினேன். இந்தத் தடவை இரண்டு முறை படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரமாகப் பரிசீலனையில் இருக்கிறது.