என் பங்குக்கு வந்த வெயில்

என் உடன்பிறந்த தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும், முக்கியமாகக் கண் நன்றாகத் தெரிய வேண்டும், இதை ஒரு எழுத்து விடாமல் நீ படித்தாக வேண்டும்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, நீ நீலச் சட்டை போட்டிருந்தாய், அதில் மூன்றாவது பித்தான் இல்லை, நிலத்தைப் பாகம் பிரித்தபோது கிணற்றடி வயலை நீ எடுத்துக்கொண்டு கல்லுக்காட்டை என் தலையில் கட்டினாய். "அக்காவுக்கு வெயிலைக் குடுத்தாச்சு, வேணுங்கற மட்டும் காயட்டும்" என்று பங்காளிகள் நடுவில் சிரித்தாய். அந்த வெயில்தான் இப்போது விளைகிறது.

இஞ்சினியர் வேலைக்குப் படித்த என் பேத்தி கல்லுக்காடு முழுக்கச் சோலார் பலகை பரப்பி, ஒரு மெஷினும் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். வெயிலிலிருந்து கரண்டு, அந்தக் கரண்டு தண்ணீரைப் பிளந்தால் ஹைட்ரஜன் என்று ஒரு வாயு, அதை ஊற்றி லாரியே ஓட்டலாமாம். அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டால் ஆலை இங்கே. போடாவிட்டால் மெஷின் வேறு ஊருக்குப் போகும், பின்னாலேயே பேத்தியும் போவாள். இன்று காலை அவர் வந்தார். பெரிய மனுஷர் வருகிற வாசலில் துடைப்பம் சாய்த்து வைத்திருந்தது, பார்க்க நன்றாகவா இருக்கும், நான் அதைத் தூக்கிப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். பேத்தி அந்த வாயுவில் எரிகிற அடுப்பைப் பற்றவைத்தாள். ஒன்றையும் காணோம். பகலில் இந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது சார் என்கிறாள். அவர் நம்பவில்லை, பேனாவைத் திறந்து 'எரியவில்லை' என்று எழுத ஆரம்பித்துவிட்டார். இவள் முகம் செத்துப்போயிற்று.

"பாட்டி, தொடப்பம் எங்க?"

"எதுக்குடி? மொதல்ல வாயால சொல்லிப் பாரு."

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. இந்த வாயு போகிற குழாய்ப் பக்கம் போகிறவர்கள் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டுதான் நடப்பார்களாம், தீ இருந்தால் முதலில் அது பற்றிக்கொள்ளும், அவர்களுக்கு அது தொழில் சாமானாம். முந்தியே சொன்னால் வாய் தேய்ந்தா போகும். இந்த முட்டியை வைத்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்து வந்தேன். அவள் அடுப்புக்கு மேலே நீட்டினாள், வெறும் காற்றில் துடைப்பம் குபீரென்று பற்றியது. அதிகாரி துள்ளிய துள்ளலில் பேனா எங்கே போனது என்று இன்னும் தேடுகிறோம். அதே அடுப்பில் நான் போட்ட டீயை இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, பேத்தியின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவள் என்னைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள், எனக்குத் தலை இன்னும் நிற்கவில்லை.

ஆகவே எனக்கு உன்னிடம் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. நான் உன் படி ஏற மாட்டேன், நீயும் என் படி ஏறாதே. உன் பெண்டாட்டியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு முழு ஆசீர்வாதம், உனக்குப் பாதி.

பின்குறிப்பு: கையெழுத்துக்குக் கீழே அதிகாரி ஒரு வரி எழுதியிருப்பதைப் பேத்தி இப்போதுதான் படித்துக் காட்டினாள். வருஷம் முழுக்க நல்ல தண்ணீருக்கு வழி இருந்தால்தான் அது செல்லுமாம். இந்த வட்டாரத்தில் கோடையிலும் வற்றாதது உன் கிணறு ஒன்றுதான். இதைத் தபாலில் போடவில்லை, உன் கதவிடுக்கில் செருகிவிட்டுப் படியிலேதான் நிற்கிறேன். படித்து முடித்தாயானால் கதவைத் திற. நீலச் சட்டையைப் பற்றி உள்ளே வந்து பேசிக்கொள்ளலாம்.