ஜெமிமாவை அனுப்பக் கோரியும், இரும்பு மாத்திரை குறித்தும்

ரேணிகுண்டா
ஆகஸ்ட் 2001

அன்பும் கண்டிப்பும் சரிபாதியாகப் பெற்ற ஜெயகுமாரி அக்காவுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் கிரண்குமார் தாழ்மையுடன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும், மின்விசிறியும், பிரேமலதா வைத்துவிட்டுப் போன கறிவேப்பிலைச் செடியும் நலம். சித்தூரில் நீங்களும், உங்கள் பள்ளிக்கூடமும், என் மகள் ஜெமிமாவும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

அக்கா, போன தடவை நான் வந்தபோது நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. பிள்ளையைப் பார்க்கக் கிளம்பியவன் பஸ்ஸில் கண்ணயர்ந்து, சித்தூரைத் தாண்டி வேலூரில் போய் விழித்து, பொழுது சாயும் நேரத்துக்கு ஊதிய ரப்பர் வாத்தோடு உங்கள் வாசலில் வந்து நின்றேன். நீங்கள் வாத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "கிரணு, நீ மொதல்ல தரையில காலு வெச்சி நட. அப்பறமா வந்து புள்ளய கூட்டிக்கினு போ" என்றீர்கள். நியாயமான பேச்சு. இப்போது தரையில் கால் வைத்து நடக்கிறேன். அதற்கு டாக்டர் சாட்சி உண்டு. ஆகவே ஜெமிமாவை அனுப்பி வைக்க வேண்டும் என்பதே இந்தக் கடிதத்தின் சாரம். மற்றதெல்லாம் விவரம்.

கால் ஏன் தரையில் படவில்லை என்பதற்குக் காரணம் துக்கம் என்றுதான் ஊரே நினைத்தது, நானும் நினைத்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், அதுவும் துக்கம். ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் கம்பி சுற்றும்போது சுற்று எண்ணிக்கை நழுவிப் போகும், அதுவும் துக்கம். உண்மை என்னவென்றால், பிரேமாவுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்டபோது முதல்முதலாகக் கொடுத்தேன் அல்லவா, அவள் போன பிறகும் மூணு மாசத்துக்கு ஒருதரம் திருப்பதி போய்க் கொடுத்துக்கொண்டே இருந்தேன். தர்மத்துக்கு இல்லை அக்கா. அங்கே ஒரு கட்டில் இருக்கிறது. அதில் படுக்கச் சொல்லி, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "கண்ண மூடிக்கோ தம்பி, ஒண்ணும் யோசிக்காத" என்று நர்சம்மா சொல்லுவாங்க. இந்த உலகத்தில் என்னை யோசிக்க வேண்டாம் என்று சொல்கிற ஒரே இடம் அது. கண்ணை மூடினால் பிரேமா வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவாள். பேசமாட்டாள், கூந்தலைப் பின்னிக்கொண்டிருப்பாள். எழுந்தால் பிஸ்கட்டும் ஜூஸும். அதற்கே போனேன்.

கடைசியாகப் போனபோது நர்சம்மா விரலைக் குத்தி, நீலத் தண்ணீர் இருந்த குப்பியில் ஒரு சொட்டு விட்டார்கள். நல்ல ரத்தம் கல்லு மாதிரி அடியில் போகுமாம். என்னுடையது மேலேயே நின்றது. ஒரு சின்ன சிவப்புப் படகு மாதிரி அது ஆடிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது. "இன்னா தம்பி, உன் ரத்தம் மெதக்குது?" என்றார்கள். "ஆமா சிஸ்டர், நானும் அப்டித்தான்" என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை. அப்படியே கையைப் பிடித்து டாக்டர் கல்பனாவிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஹீமோகுளோபின் பன்னிரண்டு, பதிமூணு இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு எட்டு இருந்தது. வயிற்றில் புழு இருக்கா, எங்கேயாவது ரத்தம் கசியுதா என்று எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு, "இருக்கற ரத்தத்த எல்லாம் தானம் பண்ணிட்டு, டீயும் பன்னும் துன்னுக்கினு இருந்தா இரும்பு எங்கிருந்துப்பா வரும், ஆகாசத்துலேர்ந்தா?" என்று கேட்டு, தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ரத்தம் கொடுக்கும் கட்டில் எனக்கு மறுக்கப்பட்டது.

மாத்திரை போட்டேன் அக்கா, ஒழுங்காய்ப் போட்டேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதே எட்டு. ஏனென்றால் பக்கத்து வீட்டு செங்கம்மா. நம்ம பக்கத்து வழக்கம்தான் தெரியுமே, துக்கம் விசாரிக்க வர்றவங்க வெறும் கையோடு வரமாட்டாங்க, இது பொம்பளை இல்லாத வீடு என்பதால் ஆளுக்கொரு சொம்பு டீயோடு வந்துவிடுகிறார்கள். காலையில் செங்கம்மா, அவங்களுக்குப் பின்னாலேயே சபை ஜனங்கள். நான் அந்த டீயிலேயே மாத்திரையை முழுங்கிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்கள். டீ, காபி, பால் எல்லாம் இரும்பை உடம்பில் ஒட்டவிடாதாம், ரெண்டு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டுமாம். எலுமிச்சம்பழத் தண்ணியோடு போட்டால் நல்லா சேருமாம். ஆக, ஒரு தெருவே சேர்ந்து அன்பாக என் மாத்திரையை அடித்துக்கொண்டு போயிருக்கிறது.

செங்கம்மாவிடம் இதைச் சொல்வது பிரேமா போனதைச் சொன்னதை விடக் கஷ்டமாயிருந்தது. "இன்னாது, டீ குடிக்க மாட்டியா? ஒரு வருஷமா குடிச்ச, இப்ப நான் விஷம் வெச்சிட்டனா?"

"அதில்ல செங்கம்மா, ரத்தத்துல இரும்பு ஏறணும்."

"மோட்டாரு ரிப்பேரு பண்றவனுக்கு இரும்புக்கா பஞ்சம்? நாலு ஆணியப் போட்டு ரசம் வெச்சிக் குடி."

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அதே சொம்பில் எலுமிச்சம்பழத் தண்ணி வந்தது. அன்றிலிருந்து துக்கம் விசாரிக்கிறவர்கள் எல்லாரும் எலுமிச்சைக்கு மாறிவிட்டார்கள். ரேணிகுண்டாவில் எலுமிச்சை விலை ஏறியிருக்கிறது என்று கேள்வி.

அதற்குப் பின் வயிறு கட்டிக்கொண்டது. காலையில் வெளிக்குப் போனால் கன்னங்கரேலென்று, கிரீஸ் டப்பா மாதிரி. நான் சாகப்போகிறேன் என்று முடிவு பண்ணி, பதறாமல், பீரோ சாவியை எங்கே வைத்திருக்கிறேன் என்று உங்களுக்கு ஒரு கார்டு எழுதினேனே, அது இதனால்தான். மாத்திரைக்கு அப்படித்தான் கறுப்பாகப் போகுமாம். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, தலை சுற்றினால் மட்டும் ஓடி வா என்றார்கள். தண்ணி நிறைய குடி, கீரை துன்னு என்றார்கள். அந்தக் கார்டைக் கிழித்துவிடவும்.

அடுத்தது குவைத். அங்கே வேலை பார்க்கும் உங்கள் தம்பி இஸ்ரேல், என் விஷயம் கேள்விப்பட்டு ஒரு பாட்டில் ஃபாரின் இரும்பு மாத்திரை அனுப்பியிருந்தான். என் மாத்திரை அட்டையில் இருநூறு மில்லிகிராம் என்றும் அவன் பாட்டிலில் அறுபத்தைந்து என்றும் போட்டிருந்தது. நான் டிப்ளமா படித்தவன் அல்லவா? வகுத்துப் பார்த்தேன், அவனுடையது மூன்று போட்டால் என்னுடையது ஒன்றுக்குச் சமம். போட்டேன். வாந்தி, வயிற்றுவலி, ஒர்க்‌ஷாப் தரையில் சுருண்டு படுத்தேன். டாக்டரம்மா சொன்னார்கள், என் அட்டையில் இருப்பது மொத்த உப்பின் எடை, பாட்டிலில் இருப்பது அதற்குள் உள்ள வெறும் இரும்பின் எடை. இரண்டும் ஏறக்குறைய ஒரே மாத்திரைதான். மோட்டாரின் எடையையும் அதற்குள் இருக்கும் செம்புக் கம்பியின் எடையையும் ஒன்றென்று நினைத்தவன் நான். "ஒருநாள் மறந்துட்டா கூட மறுநாள் ரெண்டா போடக்கூடாது, நீ மூணு போட்டிருக்க! படிச்சவங்களுக்கு வைத்தியம் பண்றதுதான்பா கஷ்டம்" என்றார்கள். இஸ்ரேலுக்கு இதை எழுத வேண்டாம், பாவம், மூணு பாட்டில் அனுப்பிவிடுவான்.

இப்போது நான் சொல்ல வருவது கொஞ்சம் வேற மாதிரி. மாத்திரை ஒழுங்காய் ஏற ஆரம்பித்த பிறகு பிரேமா வருவது குறைந்தது. முதலில் பகலில் வரவில்லை. பிறகு கண்ணை மூடினாலும் வெறும் இருட்டு. ஒரு நாள் மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறிவிட்டு, மேலே நின்று, அவள் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஒரு வருஷம் கழித்துத் தெரிந்தது அக்கா. ரெண்டு நாள் மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன், வருவாளோ என்று. வரல. இரும்பு அவ்ளோ சீக்கிரம் எறங்காதாம். மூணாம் நாள் திரும்பவும் போட்டேன். அவள் வந்தால் ஜெமிமா வரமுடியாது, ஜெமிமா வந்தால் அவள் வரமாட்டாள் என்று ஆகிவிட்டது, நான் ஜெமிமாவைக் கேட்கிறேன்.

இப்போது ரத்தம் பன்னிரண்டரை இருக்கிறது. இன்னும் மூணு மாசம் போடச் சொல்லியிருக்கிறார்கள், சேமிப்புக்கு. மாத்திரை சிவப்பாக, இனிப்புப் பூசி, மிட்டாய் போலவே இருக்கும். ஒரு கை வாயில் போட்டால் குழந்தைக்கு உயிர் போய்விடும் என்றார்கள். அதனால் ஒர்க்‌ஷாப்பில் தகட்டில் ஒரு பெட்டி செய்து, கதவு நிலைக்கு மேலே அடித்திருக்கிறேன். இரண்டு தாழ்ப்பாளையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் திறக்கும். திறக்க எனக்கே கால் மணி நேரம் ஆகிறது. ஒரு தரம் முக்காலியோடு விழுந்தேன், தரையில்தான் விழுந்தேன், கவனிக்கவும். பிள்ளைக்குப் பயமில்லை. யோசித்து அனுப்பவும்.

உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். ஜெமிமாவின் இரண்டு கன்னத்துக்கும் தனித்தனியாக முத்தம். கர்த்தர் உங்களைக் காத்து, என் மேல் உங்களுக்குள்ள கோபத்தையும் அளவாகக் காப்பாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
கிரண்குமார்

பி.கு.: கவரை ஒட்டும் முன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து உங்கள் எதிர்வீட்டுக்குப் போன் போட்டேன். நீங்கள் தூங்குவதாகச் சொல்லி ஜெமிமாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"சிலேட்டுல எழுத பலப்பம் வாங்கினு வா நைனா. பெட்டியோட."

"போன மாசந்தான ஒரு பெட்டி அனுப்புனேன்?"

"அதெல்லாம் பெரியம்மா துன்னுட்டாங்க."

"வெளயாட்டுக்கா?"

"இல்ல நைனா, நெஜமா. கறுக்கு கறுக்குனு கடிச்சித் துன்றாங்க. ஸ்கூல் சாக்பீசும் துன்றாங்க. அப்பறம் நாற்காலிலயே தூங்கிடறாங்க. நாந்தான் கதவு சாத்தறேன்."

அக்கா, டாக்டர் கல்பனா என்னைக் கேட்ட முதல் கேள்வியே, "மண்ணு, பச்சரிசி, பலப்பம் ஏதாச்சும் துன்னத் தோணுதா?" என்பதுதான். இரும்பு குறைந்தால் அப்படித் தோணுமாம், பெண்களுக்கு அதிகமாம். எனக்குத் தோணவில்லை. ஆகையால் மேலே எழுதிய கோரிக்கையை வாபஸ் வாங்குகிறேன். ஜெமிமாவை அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை நானே வருகிறேன், மூன்று பேருமாகத் திருப்பதி போவோம். என் மாத்திரையைக் கொண்டுவர மாட்டேன், ரத்தம் பார்க்காமல் நீங்களாக எதையும் போடக்கூடாது, குவைத் பாட்டில் பேச்சே வேண்டாம். தேறும் வரை நீங்கள் எங்கள் வீட்டில் இருக்கலாம், செங்கம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பலப்பம் இரண்டே இரண்டு வாங்கி வருகிறேன். எங்கே ஒளித்து வைப்பாய் என்று ஜெமிமாவைக் கேட்டேன். "சொல்லமாட்டேன், நீ போய் பெரியம்மாகிட்ட சொல்லிடுவ" என்று போனை வைத்துவிட்டாள்.