இரண்டாம் நம்பர் பால்பொடிப் படலம்

வாழி பத்மகுமாரன்! பழையாறு பாயப் பச்சைவயல் தலையசைக்கும் தாழக்குடிப் பதியில் தோன்றிய தோன்றல்; பத்திரப்பதிவு அலுவலகத்து இளநிலை உதவியாளன்; ஒருநாளில் முந்நூறு முத்திரை குத்தினும் மூச்சு வாங்காத வலக்கரத்தோன்; மேலதிகாரி முனிந்து கர்ச்சித்த போதும் நாற்காலியை விட்டு எழாத நெஞ்சுரத்தோன்; கிருஷ்ணப்ரியா என்னும் நங்கைக்கு நாயகன்; ஆறு திங்களும் பதினொரு நாளும் அகவை நிரம்பிய சுஜித் என்னும் பாலகனைப் பெற்ற தந்தை. அன்னான் ஒரேயொரு பால்பொடி டப்பாவின் பொருட்டுக் கோட்டாற்றுக் களத்தில் ஆற்றிய அரும்போரை யாம் உரைக்கப் புகுந்தனம். நாமகளே, எம் நாவில் வந்தமர்க. அமர நேரமில்லையாயின் நின்றபடியாவது நாலு சொல் தந்து போக.

போரென்றால் காரணம் வேண்டுமன்றோ? காரணம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கியது. அதன் பெயர் கோமளவல்லி. நம் வீரனின் உடன்பிறந்த மூத்தாள். வடசேரிப் பள்ளியொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒன்றாம் வகுப்பை ஒற்றைக்கையால் ஆண்டுவரும் ஆசிரியை. பிரம்பெடுக்காமலே பிள்ளைகளை நடுங்கச் செய்யும் பார்வையினாள். மருமகனைக் கொஞ்ச வந்தவள், தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் அடியெடுத்து வைத்தாள், அலமாரியைக் கண்டாள், அதன் நடுத்தட்டில் வீற்றிருந்த பால்பொடி டப்பாவைக் கண்டாள், டப்பாவின் நெற்றியில் பெரிதாய்ப் பொறித்திருந்த '1' என்னும் எண்ணையும் கண்டாள். மற்றவர் கண்ணுக்கு அது வெறும் எண். ஒன்றாம் வகுப்பு டீச்சர் கண்ணுக்கு அது வகுப்பு.

"ஏலே மக்கா, பிள்ளைக்கு ஆறு மாசம் கழிஞ்சாச்சுல்லா? இன்னும் ஒண்ணுலயா போட்டு வச்சிருக்க? எங்க ஸ்கூல் லிஜா டீச்சருக்க பிள்ள போன மாசமே ரெண்டாம் நம்பருக்குப் போயாச்சு. சர்க்காரே ஒருத்தரையும் தோக்க வைக்காண்டாம்னு சொல்லுகு. நீ பெத்த பிள்ளைய ஒண்ணுலயே தோக்க வச்சிருக்க" என்று தீர்ப்புரைத்தாள் அவள்.

தோல்வி! குழந்தை குப்புறக் கவிழுமுன்னே எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கும் மாவட்டம் இது. இங்கே ஒருவனைக் கஞ்சன் எனலாம், கோள்சொல்லி எனலாம், சிரித்துவிட்டுப் போவான். அவன் பிள்ளை தோற்றுப்போனது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. ஆறுமாதப் பாலகன் பால்குடியில் தோற்றான் என்னும் அவப்பெயர் தாழக்குடி வரலாற்றிலேயே அன்றுதான் முதன்முறை எழுந்தது.

ஆயினும் அச்சொல் தைத்த இடம் பிள்ளை அன்று. பிள்ளை காலைத் தூக்கித் தன் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு கிடந்தான். தைத்தது கிருஷ்ணப்ரியாவுக்கு. பிள்ளைக்கு மூன்றாம் மாதம் நடக்கையில் காய்ச்சல் கண்டு, பதினொரு நாள் கிடந்து எழுந்தபோது அவளுக்குப் பால் வற்றியிருந்தது. எத்தனை முயன்றும் திரும்ப ஊறவில்லை. அன்று முதல் டப்பாவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவள் மனம் குமைந்துகொண்டுதான் திறந்தாள், யாரிடமும் சொன்னதில்லை. மைனி கோமளவல்லி ஆட்டோ ஏறிப் போனபின் அவள் கணவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மைனி தோத்துட்டுன்னு சொன்னது பிள்ளையையா, என்னையா?"

முந்நூறு முத்திரை குத்தும் கை அவள் கண்ணீரைத் துடைத்தது. அக்கணமே பத்மகுமாரன் வஞ்சினம் உரைத்தான்: "வருகின்ற வெள்ளியன்று சுசீந்திரம் கோயிலில் என் மைந்தனுக்கு முதற்சோறூட்டு நிகழுமுன், இரண்டாம் நம்பர் டப்பாவை இவ்வலமாரியில் ஏற்றுவேன், ஏற்றாது போவேனாயின், தேங்காய் வறுத்துப்போட்ட எரிசேரிக் கறியை ஏழு பிறப்புக்கும் தீண்டேன்!" காவிய மரபு கருதி யாம் இவ்வாறு பாடினோம். அவன் வாயிலிருந்து வந்தது, "நான் பாத்துக்கிடுகேன், நீ அழாத" என்பதுதான்.

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பெடுத்துப் புறப்பட்டான். ஹெல்மெட்டே மகுடமாக, ஸ்கூட்டரே தேராக, ஒழுகினசேரிப் பாலத்தை ஒரே மூச்சில் கடந்து, பஸ்களும் பலாப்பழ வண்டிகளும் பொருதும் வடசேரிச் சந்தியைப் பிளந்துகொண்டு அவன் சென்ற வேகத்தை என்னென்று புகல்வேம்! முதல் மருந்துக்கடையில் ஸ்டாக் இல்லை. இரண்டாவதில் ஒன்றாம் நம்பர் மட்டும் உண்டு. மூன்றாவது கடைக்காரர் நாளைக்கு வா என்றார். நான்காவது கடை பூட்டியிருந்தது. சோர்ந்தானா வீரன்? சோர்ந்தான், ஒரு சர்பத் குடித்தான், மீண்டும் கிளம்பினான்.

கோட்டாற்றில், சுமையாட்டோக்கள் நெருக்கும் தெருவொன்றில், குழந்தை வைத்தியர் சபிதாவின் ஆஸ்பத்திரிக்குக் கீழே சிலுவை என்பாரின் மருந்துக்கடை. பத்மகுமாரன் உள்ளே நுழைந்து அண்ணாந்தான். கண்டான்! மேல்தட்டின் மூலையில், தூசி படிந்து, தன்னந்தனியாய், நெற்றியில் '2' விளங்க நின்றது அந்த டப்பா. சிலுவை ஸ்டூல் போட்டு ஏறி அதனை இறக்கி மேசைமேல் வைத்ததும், பாய்ந்தது நம் வீரனின் வலக்கரம். அதே நொடியில் மறுபுறமிருந்து பாய்ந்தது வேறொரு கரம்.

அக்கரத்துக்கு உரியவர் வைகுண்டராஜன். இரும்புக்கடை அதிபர், நெற்றியில் மேல்நோக்கி எழுந்த வெண்ணாமத்தர், ஆணிமூட்டைகளை அனாயாசமாகத் தூக்கி வளர்ந்த தோளினர், ஏழுமாதப் பேரனுக்குத் தாத்தா.

"தம்பி, கைய எடுங்க. நான் போன் போட்டுச் சொல்லி வச்ச சாதனம் இது."

"அண்ணாச்சி, நான்லா முதல்ல பிடிச்சேன்."

"எனக்க மகளுக்கு மாமியார் வீட்டுல சொல்லிக்காட்டுகாவ தம்பி, பேரன் இன்னும் ஒண்ணுலயே கிடக்கான்னு. பாத்துக்கிட்டிருக்க முடியுமா?"

அடடா, இரு படைகளும் ஒரே கொடியின்கீழ் அல்லவோ வந்திருக்கின்றன! ஆயினும் போர் நிற்கவில்லை. முத்திரைக்கரம் மூடியைப் பற்ற, இரும்புக்கரம் அடியைப் பற்ற, இவர் கிழக்கே இழுக்க, இவன் மேற்கே இழுக்க, டப்பாவினுள் பொடி சலசலவெனப் புலம்ப, இருமல் மருந்துக் குப்பிகள் இடறி உருள, மருந்துச்சீட்டோடு வரிசையில் நின்ற தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் இடம் மாற்றி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க, சிலுவை மட்டும் "ஏ, கண்ணாடி, கண்ணாடி" என்று முறையிட, வெற்றித்திருமகள் யார் பக்கம் போவதென்று அறியாது மின்விசிறிக்கடியில் நின்று வேர்த்தாள். தேங்காய்த் துருவலுக்கு இரண்டு காக்கைகள் மல்லுக்கட்டுவது போலத்தான் இருந்தது.

அமளி கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார் டாக்டர் சபிதா. குட்டையான உருவம், குரல் மட்டும் நெடியது.

"ரெண்டு பேரும் விடுங்க. இத யாரு எழுதித் தந்தது?"

அக்கா எழுதித் தந்தாள் என்று சொல்லவா முடியும்?

"ஆறு மாசம் ஆச்சுன்னா பால்பொடிய மாத்தணும்னு எங்கயும் கிடையாது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அதுவே தொடரட்டும். டப்பாப்பால் குடிக்கிற பிள்ளைக்கு ஒரு வயசு வரைக்கும் ஒண்ணாம் நம்பரே போதும். அதுக்குப் பிறகு பசும்பால் கொடுக்கலாம். இப்போ பிள்ளைக்கு வேண்டியது சோறு. குழைஞ்ச சோறு, பருப்பு, காய்கறி, மட்டி வாழப்பழம். ஒண்ணுக்கு அடுத்தது ரெண்டு இல்ல, சோறு. கேட்டுதா?"

"பின்ன டப்பாவுல நம்பர் எதுக்கு டாக்டர் போட்டிருக்கான்?" என்றார் வைகுண்டராஜன், பிடியைத் தளர்த்தாமலே.

"விக்கதுக்கு."

ஒரு சொல்லில் முடிந்தது பாரதம். இரு கரங்களும் ஒருங்கே விலகின. "அண்ணாச்சி, நீங்களே எடுத்துக்கிடுங்கோ" என்றான் பத்மகுமாரன். "ஐயோ வேண்டாம் தம்பி, உங்க கைதான முதல்ல பட்டுது" என்றார் வைகுண்டராஜன். உபசரிப்பிலும் ஒரு போர் மூண்டு, அதுவும் நெடுநேரம் நடந்தது. கடைசியில் சிலுவை டப்பாவைத் துடைத்து, ஸ்டூல் போட்டு ஏறி, பழைய மூலையிலேயே வைத்தார்.

ஆனால் வீரனுக்கு உண்மையான களம் இனிமேல்தான். வெறுங்கையோடு வீடு புக வேண்டும். மறுநாள் சோறூட்டுக்குச் சின்னஞ்சிறு பட்டுவேட்டியோடு கோமளவல்லி முன்கூட்டியே வந்து, விடைத்தாளுக்குக் காத்திருக்கும் பரீட்சை அதிகாரியாய் நாற்காலியில் அமர்ந்திருந்தாள். கிருஷ்ணப்ரியா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"கிட்டிச்சா மக்கா?"

பத்மகுமாரன் கோட்டாற்றுச் செய்தி முழுவதையும் உரைத்தான். விடாமல், ஒளிக்காமல், காக்கைச் சண்டை உட்பட உரைத்தான். அக்காவின் முகம் கறுத்துச் சிவந்து பழைய நிறத்துக்கு வந்தது. கிருஷ்ணப்ரியா அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரு விடை மட்டுமே.

"அப்போ, இதுவரைக்கும் நான் கொடுத்தது?"

"அது போதும்னு டாக்டரே சொன்னாவ. கிளம்பும்போ போன வாரம் எடுத்த வெயிட்டச் சொன்னேன், ஏழரை கிலோன்னு. அம்மைக்காரி நல்லாத்தான் வளத்திருக்கான்னு சொன்னாவ."

கிருஷ்ணப்ரியா அழுதாள். மூன்று மாதமாக நெஞ்சுக்குள் கிடந்த கல் உருண்டு போயிற்று; அவளுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. பத்மகுமாரனுக்கும் கண் கலங்கிற்று. ஹெல்மெட்டைக் கழற்ற மறந்திருந்தமையால் ஒருவரும் அதைக் காணவில்லை. டீச்சர்மார் மன்னிப்புக் கேட்டு உலகம் கண்டதில்லை. தப்பை அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். கோமளவல்லி எழுந்தாள். தம்பி மனைவியின் தோளிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

முழங்குக முரசங்கள்! ஊதுக சங்கங்கள்! அமரர் பூமாரி பெய்க! தோற்றானென்று தூற்றப்பட்ட பாலகன் தோல்வியறியாதான் எனத் தாடகைமலை முதல் தென்குமரிக் கடல்வரை எண்திசையும் ஏத்துக! பற்றிய டப்பாவைக் கைவிட்டு வென்ற பத்மகுமாரன் புகழ், ஞாயிறும் திங்களும் உள்ளளவும், நாஞ்சில் வயலில் நெல் விளையுமளவும், நம் பதிவு அலுவலக முத்திரையில் மை காயாதளவும் நின்று நிலவுக!

கிருஷ்ணப்ரியா ஒன்றாம் நம்பர் பால் கலக்கினாள், கோமளவல்லி மடியில் வைத்துக் கொடுத்தாள்.