சந்தனம் பூசிய சலவை இயந்திரம்

ஒரு பொருள் கெட்டுப்போக வேண்டுமென்று அதை வாங்கியவனே ஏங்கும்படி செய்யும் ஆற்றல் உலகில் ஒன்றுக்குத்தான் உண்டு. அதன் பெயர் எக்ஸ்டெண்டட் வாரண்டி.

வணிகவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ராசிபுரத்தில் பாதிப் பேருக்குக் காப்பீடு என்றால் என்னவென்று கற்பித்தவன் (மீதிப் பேர் வகுப்புக்கு வரவில்லை). ஆகவே சலவை இயந்திரம் வாங்கியபோது, கம்பெனி தரும் வாரண்டி முடிந்த பிறகும் சில ஆண்டுகள் பாதுகாப்பு நீடிக்கும்படி, தனியாகப் பணம் கட்டி அதையும் சேர்த்தே வாங்கினேன். உடன் வந்திருந்த எங்கள் சம்பந்தி செங்கோட்டுவேல் திருச்செங்கோட்டுக்காரர். ரிக் லாரி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுபவர். கடைக்காரர் காதில் விழும்படியே கேட்டார்:

"ஏனுங்க சம்பந்தி, மெசினு கெட்டுப்போயிரும்னு விக்கறவனே பயப்படறானே, அப்புறம் எதுக்குங்க அதை வாங்கறீங்க?"

கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இடர், இழப்பீடு, முன்யோசனை என்று ஒரு பாடவேளைக்குக் குறையாத விளக்கம் அளித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒருநாள் இது பழுதாகும். அன்று நான் ஒரு காசு கொடுக்காமல் சரிசெய்து காட்டுகிறேன், நீங்கள் பாருங்கள்" என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

பழுதாகவில்லை. (அதுதான் அந்தக் கம்பெனி எனக்கு இழைத்த முதல் துரோகம்.) பக்கத்து வீட்டு இயந்திரத்தின் ஒயரை எலி கடித்தது. மின்சாரம் ஏறி இறங்கியதில் எங்கள் தெருவில் மிக்ஸியும் மோட்டாரும் புகைந்தன. எங்களுடையதோ சலிக்காமல் துவைத்தது. சம்பந்தி எப்போது வந்தாலும், கொடுத்த தண்ணீரைக் குடிப்பதற்கு முன்பே, "மெசினு நல்லா ஓடுதுங்களா?" என்பார். "ஓடுகிறது" என்று குற்றவாளியைப் போல ஒப்புக்கொள்வேன். பொறுக்கமாட்டாமல் ஒருமுறை ஜமுக்காளத்தையும் கம்பளியையும் ஒன்றாகத் திணித்துப் பார்த்தேன். அதையும் துவைத்துத் தொலைத்தது.

வாரண்டி முடியவிருந்த ஆண்டில் ஆயுத பூஜை வந்தது. தறியோ லாரியோ, வீட்டுக்கு உழைப்பது எதுவானாலும் அன்று துடைத்துப் பொட்டு வைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வழக்கமாக என் மனைவி சரோஜா இயந்திரத்தின் பக்கவாட்டில் சிறு பொட்டு ஒன்று வைப்பாள். அந்த ஆண்டு அவள் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்ததால் பொறுப்பை நானே ஏற்றேன். பன்னீர் விட்டுச் சந்தனம் கரைத்து, பொத்தான்கள் இருக்கும் மேற்பலகையின் குறுக்கே அகலமாகப் பட்டை அடித்தேன். பொத்தானுக்கு ஒரு குங்குமம். மேலே ஒரு கைப்பிடி பொரி.

"ஏனுங்க, சந்தனத்தை இத்தனை தண்ணியாவா கரைப்பாங்க? வழியுது பாருங்க" என்றாள் சரோஜா.

"பக்தியில் சிக்கனம் கூடாது" என்றேன்.

மறுநாள் காலை பொத்தானை அழுத்தினேன். உயிரில்லை. மீண்டும் அழுத்தினேன். இல்லவே இல்லை! உடனே சம்பந்தியைத் தொலைபேசியில் அழைத்து, பேரன் பிறந்த செய்தியைச் சொல்லும் குரலில், "பழுதாகிவிட்டது" என்றேன்.

"அடடா, எப்படீங்க?"

"தானாகத்தான். மெக்கானிக் வரும் நாளில் அவசியம் வந்துவிடுங்கள்."

வந்தார். சலவை வேட்டியும் சட்டையுமாக, இயந்திரத்துக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துகொண்டார். சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் மேற்பலகையைக் கழற்றினார். உள்ளே சந்தனம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. சர்க்யூட் போர்டு முழுக்கக் குங்குமம். நட்டநடுவில் ஒரு பொரி.

"சார், யாருங்க இதுக்கு அபிஷேகம் பண்ணுனது?"

சம்பந்தி எழுந்து வந்து, அந்தப் பொரியை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "பிரசாதமுங்களா சம்பந்தி?"

"வெளியிலிருந்து ஈரமோ பொருளோ உள்ள போனா வாரண்டியில வராதுங்க சார். போர்டை மாத்தோணும். காசு ஆகும்" என்றார் மெக்கானிக்.

நான் விடவில்லை. பூஜை என்பது ஒருவகைப் பராமரிப்பே என்று வாதிட்டேன். இந்த மண்ணில் இயந்திரம் விற்கிறவர்கள் ஆயுத பூஜையைத் தாங்கும்படியல்லவா அதைச் செய்ய வேண்டும் என்று கேட்டேன். (இன்றும் கேட்கிறேன்.)

"எங்க சர்வீஸ் சென்டர்லயும் பூஜை போட்டோமுங்க சார்" என்றார் அவர். "பொட்டு மட்டும் செவுத்துல வெச்சோம்."

அடுப்படியிலிருந்து சிரிப்பைக் காபி டம்ளரால் மறைத்தபடி சரோஜா வந்தாள். பேச்சை முடித்துக்கொள்ள எண்ணி நான் சட்டைப் பையில் கைவிட்டேன். சம்பந்தி பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க குடுக்கக் கூடாதுங்க சம்பந்தி! ஒரு காசு குடுக்காம சரி பண்றேன்னு சொல்லியிருக்கீங்க. உங்க வாக்கு என்னாகறது?"

மன்றாடினேன், அதட்டினேன். கேட்கவில்லை. பணத்தை எண்ணி மெக்கானிக்கிடம் கொடுத்தவர் அவர்தான். என் வாக்கு காப்பாற்றப்பட்டது. அதைவிடப் பெரிய அவமானத்தை என் எதிரிக்கும் நான் வேண்டமாட்டேன்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வேண்டாம் என்கிறேன். அது இல்லாவிட்டால் கெட்டபோது செலவு மட்டுமே. இருந்தால், கெடும்வரை ஏக்கம். கெட்ட பிறகு வயிற்றெரிச்சல். செலவு எப்படியும் உண்டு.

இதைச் சொல்லி நான் கௌரவமாக ஒதுங்கிவிடலாம் என்றால் சம்பந்தி விடுவதாயில்லை. எந்தக் கல்யாணத்துக்குச் சேர்ந்து போனாலும், மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கும் பெண்ணிடம் எனக்கு முன்னால் விரைந்து போய்ச் சொல்லிவிடுகிறார்:

"அம்மிணி, பின்னால வர்றவருக்குப் பாத்து வையி சாமி. உள்ள எறங்கிருச்சுன்னா கம்பெனிக்காரன் ஏத்துக்க மாட்டான்."