கல்லு மாதிரி பிரேக்

"மிதிச்சா அமுங்குது, மொக்கையா. பிரேக்கை மிதிக்கிற மாதிரியே இல்ல. நனைஞ்ச பஞ்சை மிதிக்கிற மாதிரி இருக்கு" என்றார் பாலசுந்தரம்.

மொக்கையன் கார்க் கதவைத் திறந்து, பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தான். அவனியாபுரத்தில் பட்டறை வைத்திருப்பவன். பாலசுந்தரம் குடியிருக்கும் வில்லாபுரத்தில் பாதிக் கார்கள் அவன் கைபட்டவை. போன் செய்தால் சாமான் பையோடு பைக்கில் வந்து நிற்பான்.

"ஆயில் பழசாயிருச்சு சார். மாத்திட்டாப் போதும்."

மாற்றினான். அதுவரை பாதி வரைக்கும் போன பெடல், இப்போது முக்கால் வரைக்கும் போனது.

"அதான் பார்த்தேன். உள்ள காத்து ஏறிருச்சு சார்."

மறுநாள் வந்து காற்றை எடுத்தான். எடுத்து முடித்தபோது பெடல் தரையைத் தொட்டது.

"நீ காத்தை எடுத்தியா, அடிச்சியா?"

"மாஸ்டர் சிலிண்டரே போயிருச்சு போல. சென்னையிலருந்து வரணும், பத்து நாளாகும். அதுவரைக்கும் வண்டியை வெளிய எடுத்துறாதீங்க, சொல்லிப்புட்டேன்."

பத்து நாளா! வெள்ளிக்கிழமை காலையில் மகள் ஸ்வப்னா ஹைதராபாத்திலிருந்து விமானத்தில் வருகிறாள். ஜவுளிக்கடை மேலாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அறுபத்தொரு வயதில் ஓட்டக் கற்று, அவர் ஆசையாக வாங்கிய கார் இது. மகளை இதில்தான் அழைத்துவரப் போவதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"எதுக்குப்பா சிரமம்? நான் ஆட்டோவுல வந்துர்றேன்" என்று அவள் போனில் சொன்னது அவருடைய ரோஷத்தை இன்னும் கிளப்பியது.

வியாழக்கிழமை காலையில் நாலைந்து வீடியோ பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே களத்தில் இறங்கினார். மனைவி வசுந்தராவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார்.

"சக்கரத்துக்கிட்ட இருக்கிற நிப்பிளை நான் திறப்பேன். காத்து வெளிய வரும். நீ பெடலை மிதிச்சுப் பிடிச்சுக்க. நான் சொல்லாமக் காலை எடுக்கக் கூடாது."

"சரிங்க."

கீழே படுத்து நிப்பிளை லேசாகத் திருகினார். குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "விட்டுருச்சு! விட்டுருச்சு!" என்று கத்தினார்.

வசுந்தரா காலை எடுத்துவிட்டாள். வெளியே வந்ததைவிட அதிகக் காற்று உள்ளே போனது.

"ஏன் காலை எடுத்த?"

"நீங்கதானே விட்டுருன்னு சொன்னீங்க?"

"விட்டுருச்சுன்னுல்ல சொன்னேன்!"

"எனக்குக் கடைசி எழுத்து கேக்கலை."

இனிமேல் பேச்சே வேண்டாம் என்று முடிவானது. கார்க் கதவில் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் மிதிக்க வேண்டும், அடுத்த தட்டுக்கு விட வேண்டும். பாலசுந்தரம் மறுபடியும் படுத்து நிப்பிளைத் திறந்த நேரம் பார்த்து, எதிர்வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க ஆரம்பித்தார்.

டொக். வசுந்தரா மிதித்தாள். பிரேக் ஆயில் பாலசுந்தரத்தின் பனியனில் பீய்ச்சி அடித்தது. டொக். விட்டாள். டொக். மிதித்தாள். இந்தத் தடவை மூக்குக் கண்ணாடியில் அடித்தது.

"நிறுத்து வசு! அது நான் இல்ல!"

பேச்சைக் காதில் வாங்கக் கூடாது என்பதுதானே ஒப்பந்தம்? அவள் மும்முரமாக மிதித்துக்கொண்டே இருந்தாள்.

அவசர அவசரமாக நிப்பிளை மூடிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டியவர் அப்படியே அசந்துபோனார். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாய், அவள் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் தவளைத் தொண்டை மாதிரி உப்பியது. விட்டதும் வற்றியது. மிதிக்கிற விசையெல்லாம் சக்கரத்துக்குப் போகாமல் அந்த உப்பலிலேயே கரைந்துகொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன்! வசு, மிதி! இன்னும் நல்லா மிதி!"

ஆணிச் சத்தம் நின்றிருந்தது. வசுந்தரா மிதிக்கவில்லை. அவர் எழுந்து ஓடிப்போய்க் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று.

கடைக்குப் போய்ப் புதுக் குழாய் வாங்கிவந்து மாட்டினார். இந்த முறை இருவரும் போனில் பேசிக்கொண்டே நாலு சக்கரத்திலும் காற்றை எடுத்தார்கள். சாயங்காலம் பெடலை மிதித்தபோது ஓர் அங்குலம் இறங்கி நின்றது. அதற்கு மேல் அசையவில்லை.

"கல்லு மாதிரி நிக்குதுங்க!" என்றாள் வசுந்தரா. அவர் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி இருபது தடவை நிறுத்திப் பார்த்தார். இருபது தடவையும் நின்றது.

மறுநாள் விமான நிலைய வாசலில் பெட்டியோடு வந்த ஸ்வப்னா, காரில் சாய்ந்து நின்ற அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா... கார் எப்படி..."

"எப்படின்னு கேளு!" என்று ஆரம்பித்தவர், காரைக் கிளப்பிய பிறகும் பேச்சை நிறுத்தவில்லை. வசுந்தரா பின்னால் இருக்க, ஸ்வப்னா முன் இருக்கையில் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கேட்டாள். அவனியாபுரம் நெருங்கும்போது, முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றத் திடீரென்று நின்றது. பாலசுந்தரம் மிதித்தார்.

கார் ஆட்டோவுக்கு ஆறடி பின்னாலேயே ஜம்மென்று நின்றது.

ஸ்வப்னா மூடிய கண்ணில் ஒன்றைத் திறந்தாள். பிறகு இன்னொன்றையும் திறந்தாள்.

"நின்னுருச்சுப்பா! சூப்பர்ப்பா!"

பாலசுந்தரத்துக்குப் பத்து வயது குறைந்தது. "ரெண்டு நாளா மொக்கையனுக்குப் பிடிபடலைம்மா. உங்கப்பன் ஒரே நாள்ல கண்டுபிடிச்சேன். இனிமே நீ எப்ப வந்தாலும் நான்தான் கூப்பிட வாரேன்!"

அப்போது ஸ்வப்னாவின் மடியிலிருந்த போன் அடித்தது. அவள் கைகள் இன்னும் கைப்பிடியிலிருந்து இறங்கவில்லை. பின் இருக்கையிலிருந்து வசுந்தராவே எட்டி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஸ்வப்னாக்கா, மொக்கையன் பேசுறேன்! பயப்படாம ஆட்டோவுலயே வாங்க. நீங்க சொன்ன மாதிரியே அப்பா காரை நான் இன்னும் சரிபண்ணலை!"