மதிய ஷிஃப்ட்காரரின் கைராசி

"உங்க லைன்ல வோல்டேஜ் மறுபடியும் ஆடுது," என்றாள் மனைவி போனில்.

மின்சாரம் புறப்படும் துணைமின் நிலையத்தில் அவனுக்குக் காலை ஷிஃப்ட். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, அது போய்ச் சேரும் நிலையத்தில் அவளுக்கு வேலை. வோல்டேஜை உயர்த்தி அனுப்பினால்தான் மின்சாரம் கம்பியைச் சூடாக்கி வழியிலேயே வீணாகாமல் அவ்வளவு தூரம் போய்ச் சேரும். பாசத்துக்கு அப்படி ஒரு டிரான்ஸ்பார்மர் இன்னும் வரவில்லை.

"கொஞ்சம் ஏத்தட்டுமா?"

"வேணாம், விடுங்க. மதிய ஷிஃப்ட்டுக்குத் தொப்பை சார் வந்தா தானா சரியாயிடும். மனுஷனுக்கு அப்படி ஒரு கைராசி."

கல்யாணமான நாளிலிருந்து அவன் கையை அவள் ஒரு தடவைகூடப் புகழ்ந்ததில்லை. ஒரே ஒரு நாளாவது அவள் வாயால் "நல்லா இருக்கு" என்று கேட்டுவிட வேண்டும்.

வோல்டேஜைத் தானாகச் சரிசெய்ய ஆட்டோ விசை ஒன்று உண்டு. அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவனா அவன்? கையாலேயே ஏற்றினான்.

"இப்ப ரொம்ப ஏறிடுச்சு."

இறக்கினான்.

"ஐயோ, இப்ப ஒரேயடியா இறங்கிடுச்சு."

மறுபடி ஏற்றினான். அங்கே அலாரம் அலறுவது போனிலேயே கேட்டது.

"எனக்கு ஒரு உதவி பண்ணுங்க," என்றாள் அவள். "நேரமானதும் பேசாம வீட்டுக்குப் போயிடுங்க."

வீட்டுக்குப் போனான். சோறு இறங்கவில்லை. கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டான். எங்கேஜ்டு. மனைவியின் அலுவலகத்துக்குப் போட்டான். அதுவும் எங்கேஜ்டு.

"கைராசியாம் கைராசி. ரெண்டு பேரும் பேசிப் பேசியே லைனை ஆடாம நிறுத்துறாங்க."

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். கட்டுப்பாட்டு அறைக் கதவைத் தள்ளினால், தொப்பை சார் நாற்காலியில் சரிந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தூக்கத்துக்கு இடைஞ்சலென்று கழற்றி வைத்த ரிசீவர் மேஜைமேல் கிடந்தது. விசை ஆட்டோவில் இருந்தது. வோல்டேஜ் முள் இம்மி அசையவில்லை.

"டியூட்டியில தூக்கமா?" என்று அவர் தோளை உலுக்கப் போனான். பின்னாலிருந்து வாட்ச்மேன் அவன் கையைப் பிடித்தார்.

"வேணாம் சார். அந்த முனையில இருக்கிற அம்மா ரொம்ப நேரமா இங்க போன் போட்டுப் பாத்துட்டு, இப்பதான் கேட் போன்ல கூப்பிட்டாங்க. சார் தூங்குறாருன்னேன். உடனே சொன்னாங்க: 'அவரை யாரும் எழுப்பிடாதீங்க. முழிச்சுக்கிட்டா அவரும் எங்க வீட்டுக்காரர் மாதிரி வேலை செய்ய ஆரம்பிச்சிடுவாரு.'"